படலையடியில் நின்ற புள்ளி

பேய் பிசாசு என்று யாராவது கதையெடுத்தால் எழுந்து போய்த் தேத்தண்ணீர் போடுகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், செபமாலை சொல்வேன், அது வேறு. மற்றப்படி ஒரு பஸ் கொம்பனியின் கொன்ட்ரோல் அறையில் வேலை. திரையில் ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு புள்ளி, நிற்கக்கூடாத இடத்தில் ஒரு புள்ளி நின்றால் ட்ரைவரைக் கூப்பிட்டு ஏன் நின்றாய் என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பதினொரு வருசத்தில் நான் கேட்காத சாட்டு இல்லை, நம்பிய சாட்டும் இல்லை. ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் ஆளாகச் சிரிப்பேன்.

என் மனுசன் சகாயம் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். இரண்டு கோடைக்கு முன் பிரான்சுக்கு, லியோனில் இருக்கும் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அண்ணன் ஒரு சைக்கிளைக் கொடுத்து, நகரத்துக்கு வெளியே மரமும் தோட்டமுமாக இருக்கிற ஊர்களை நாலு நாள் சுற்றிக் காட்டினார், அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். லண்டனில் நாங்கள் இருக்கிற தோர்ண்டன் ஹீத்துக்குத் திரும்பி வந்ததும் ரோட்டு சைக்கிள், தலைக்கவசம், ஐம்பத்திரண்டு வயசில் அந்த இறுக்கமான காற்சட்டை, எல்லாம் வந்தது. லண்டனைச் சுற்றியுள்ள பச்சைப் புறநகர்ப் பாதைகளை எல்லாம் இன்டர்நெட்டில் தேடி, ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, அடிங்டன் தாண்டி, வீடுகள் முடிந்து வேலிச்செடியும் குதிரைப் பண்ணையுமாகத் தொடங்குகிற ஒடுங்கிய ரோட்டால் பிக்கின் ஹில் வரை ஏறி, சுற்றித் திரும்பி வருவார். சீனி வருத்தம் குறைகிறது என்று டொக்டரும் பாராட்டினார், நானும் பேசாமல் இருந்தேன்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம். எங்கேயாவது விழுந்து கிடந்தால் தெரிய வேண்டாமா, அதனால் அவருடைய சைக்கிள் மீற்றரில் பதிவதெல்லாம் என் போனுக்கும் வர வேண்டும் என்றேன். வந்தது. அதில் இரண்டு நேரம் காட்டும், ஒன்று சைக்கிள் ஓடிய நேரம், மற்றது புறப்பட்டதிலிருந்து வீடு வரை மொத்த நேரம். கடந்த ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை பார்த்தேன், இரண்டுக்கும் இருபத்துமூன்று நிமிடம் வித்தியாசம். புள்ளி நின்ற இடம் அந்த ஒடுங்கிய ரோட்டில் ஒரு வளைவு. கோழி வெட்டிக்கொண்டே, எங்கே நின்றீர்கள் என்று சும்மா கேட்டேன்.

"நான் ஒரு இடத்திலையும் நிக்கேல்லை. தண்ணி குடிக்கிறதெண்டாலும் ஓடிக்கொண்டுதான் குடிக்கிறனான்" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் அதே வளைவு, அதே இருபத்துமூன்று நிமிடம். அதற்கடுத்ததும் அப்படியே. கேட்டால் மெஷின் பிழை என்றார். எனக்கா மெஷின் பிழை சொல்லித் தருகிறார்? மரங்களுக்குக் கீழே புள்ளி அங்குமிங்கும் துள்ளும், தெரியும், ஆனால் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்காது. அதோடு ஆளும் அந்த இருபத்துமூன்று நிமிடம் பிந்தித்தானே வீட்டுக்கு வருகிறார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் புத்தி நேரே ஒரு பெண்ணிடம்தான் போனது. எங்கள் கோயில் பாடகர் குழுவில் ஷாமினி என்று ஒருத்தி இருந்தாள், விவாகரத்து எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் எங்கேயோ வீடு எடுத்துப் போய்விட்டாள் என்று கேள்வி. இவர் அவளுடைய குரலைப் புகழ்ந்து ஒரு தடவை கதைத்ததும் ஞாபகம் வந்தது, அதன்பிறகு எனக்கு நித்திரை எங்கே. இவர் குளிக்கிற நேரம் போனை எடுத்துப் பார்த்தேன், சட்டையை மணந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் கணக்கில் பொருந்தவில்லை. இவர் நெஞ்சில் ஒரு பட்டி கட்டியிருப்பார், அது இதயத் துடிப்பைப் பதியும். மேட்டில் ஏறும்போது நூற்றைம்பதுக்குப் போகிற துடிப்பு, அந்த வளைவில் ஒரே நொடியில் ஐம்பதுக்கு விழுந்திருந்தது. ஆழ்ந்த நித்திரையில் இருக்கிறவருக்குத்தான் அப்படி இருக்கும். ஒருத்தியைப் பார்க்கப் போகிறவருக்குத் துடிப்பு ஏறுமா, இறங்குமா? அப்படி யோசித்தும் நான் விடவில்லை, நவம்பர் முதல் வெள்ளி இரவு நேரே கேட்டேன். இருபத்தாறு வருசக் கலியாணத்தில் சத்தியம் பண்ணியறியாத மனுசன் மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று, தான் எங்கும் நிற்கவில்லை என்று கை நீட்டிச் சொன்னார். நான் அதையும் நம்பவில்லை, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

மறுநாள் காலை, ஓவர்டைம் ஷிப்ட் என்று பொய் சொல்லிவிட்டு அவருக்கு முன்னமே காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அந்த வளைவில் வீடு ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் உயர்ந்த வேலிச்செடி, மறுபக்கம் வயலுக்குள் போகிற இரும்புப் படலை, சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது, அதன் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு. அதற்கு அப்பால் வெறும் புல், ஒரு மாடுகூட இல்லை. எதிரே ஒரு ஒதுக்கு இடத்தில் செடிக்குள் காரைச் சொருகி, குளிருக்கு ஹீட்டரைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெளிச்சம். பறவைச் சத்தம். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

எட்டு முப்பத்தைந்துக்கு இவர் வந்தார். மஞ்சள் ஜக்கெற், குனிந்த தலை, மூச்சு புகைந்து புகைந்து போனது. படலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நிற்கவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்காமல் வளைவைத் தாண்டிப் போய்விட்டார், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, பாவம் இந்த மனுசனை ஒரு மாதமாக என்ன பாடு படுத்திவிட்டேன் என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். புள்ளி படலையடியில் நின்றது. ஆள் போய்விட்டார், புள்ளி எனக்கு நேரெதிரே அசையாமல் நிற்கிறது. சிக்னல் பிந்துகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஹான்ட்பிரேக்கை எடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் மத்தியானத்துக்கு அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைக்க வேண்டும் என்ற நினைப்பு.

கதவைத் திறந்தால் இவர் குளித்து, உடுப்பு மாற்றி, சாப்பிட்ட கோப்பையும் கழுவி வைத்துவிட்டு மேசையில் இருக்கிறார். சுவர் மணிக்கூடு பன்னிரண்டு. அங்கிருந்து வீட்டுக்குக் காரில் அரை மணித்தியாலம்தான்.

"வேலைக்குப் போன் அடிச்சுக் கேட்டனான், நீர் இண்டைக்கு வேலையில இல்லையாம். எங்க நிண்டனீர், மெற்றில்டா?" என்றார். வீட்டில் என்னை மெற்றி என்றுதான் கூப்பிடுவார்.

"நான் எங்கயும் நிக்கேல்லை. நேரதான் வந்தனான்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. இவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை, நான் ட்ரைவர்மாரைப் பார்க்கிற பார்வை. சத்தம் போடவில்லை. ஆர் அந்த ஆள் என்று மட்டும் மெல்லக் கேட்டுவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுக்காரி ஒருத்தி சொல்லித்தான் தெரியும், ஷாமினி சித்திரை மாதமே கனடாவுக்குப் போய்விட்டாளாம். வீட்டுக்கு வந்து தனியே காரில் இருந்து யோசித்தபோதுதான் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கமரா ஞாபகம் வந்தது. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் அது முன்பக்கத்தைப் பதியும், சத்தத்தையும் பதியும். கார்ட்டைக் கழற்றிக் கொம்பியூட்டரில் போட்டேன்.

மஞ்சள் ஜக்கெற் போகிறது. ஒரு நிமிடம் வெறும் ரோட்டு. பிறகு கார்க் கதவு திறக்கிற சத்தம், நான் ரோட்டைக் கடந்து போகிறேன், என் மண்ணிறக் கோட். படலையில் கை வைத்து வயலைப் பார்த்து நிற்கிறேன். சற்று நேரத்தில் இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஒருவரை ஒருவர் நாங்கள் பார்க்கவில்லை. பூசையில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கிற மாதிரி அடக்கமாக, இரண்டு பேரும் அந்த வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு. நான் கதைக்கிறேன், இடையிடையே நிறுத்தித் தலையாட்டுகிறேன், சிரிக்கிறேன், அப்படி நான் சிரித்து எத்தனையோ வருசம். மற்றக் குரல் எதுவும் கமராவில் இல்லை. சொன்னதில் முக்கால்வாசி எஞ்சின் சத்தத்தில் விளங்கவில்லை, ஓரிடம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அவர் பாவம், அவரை விடுங்கோ. இனி அவரை மறிக்க வேண்டாம். அவருக்குப் பதிலா நான் வாறன்."

உடனே இவர் சைக்கிளில் ஏறிப் போகிறார். நேரத்தைப் பார்த்தேன், இருபத்துமூன்றாவது நிமிடம். நான் மட்டும் பதினொன்றரை வரை அங்கேயே நின்றேன்.

அதன்பிறகு இவருடைய இரண்டு நேரமும் நொடி பிசகாமல் ஒத்துப்போகின்றன. நான் அந்தப் பக்கம் போவதில்லை, அதாவது போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். சனிக்கிழமை டூட்டிங் கடைத்தெருவுக்கு மீன் வாங்கப் போனால் ஒரு மணித்தியால வேலை, வீட்டுக்கு வரும்போது மத்தியானம் தாண்டிவிடுகிறது, பையில் ஐஸ் உருகி மீன் நாறுகிறது, சப்பாத்தில் வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு. டூட்டிங்கில் ஏது சேறு? ட்ரஃபிக் என்று சொல்கிறேன். காரின் மைல் கணக்கை நான் பார்ப்பதில்லை, போனில் இடம் பதிவதையும் நிறுத்திவிட்டேன்.

இவர் அதையும் கவனித்துவிட்டார். இரவில் நான் நித்திரை என்று நினைத்து என் போனை எடுத்துப் பார்க்கிறார், என் கோட்டை மணந்து பார்க்கிறார், நான் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன். அந்த வீடியோவை ஒருமுறை காட்டினால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் காட்டமாட்டேன். எனக்கு ஓர் ஆள் இருக்கிறான் என்றே இவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். உண்மை தெரிந்தால் என்னை மீட்க இவர் அந்தப் படலையடிக்கு வருவார்.