அட்டைக்கடி என்று நினைத்த புள்ளிகள்

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மலையூரான ஆனைக்கரையில் மழைக்காலத்தில் ஏலக்காட்டு வழியே போய்வரும் பிள்ளைகள் காலில் அட்டைக்கடி இல்லாமல் இராது. அதனால் மகளின் காலில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டதும் என் மனைவி சுண்ணாம்பு தடவிவிட்டாள். புள்ளிகள் தொடைவரை ஏறின.

"உங்க வீட்டு அட்டை மச்சுக்கும் ஏறுதே" என்று அவள் தொடையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காள் சிரித்தாள்.

அன்று மாலையே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மலத்தில் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இது அட்டைக்கடி இல்லை, இரத்தக் குழாய்களில் அழற்சி, அதனால் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிவிட்டது, வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் டாக்டர். கறுத்துப்போயிருந்தால் அந்தக் குடலை வெட்டி எடுப்பார்களாம்.

ஆபரேஷன் அறை வாசலில் என்னால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"செத்த உக்காருங்க. நீங்க நடக்கிறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி. அவள் நகத்துக்குள் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "இதாலதான் இப்படி ஆச்சோ?"

"அதில்லன்னு டாக்டர் சொன்னாருல்ல."

அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. கடைசியில் நர்ஸ் வந்து, குடலை வெட்டவில்லை, சொருகியதை விடுவித்துவிட்டார்கள் என்றாள். அதற்குப் பிறகும் நான் நடந்துகொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் மகளுக்கு வாயு பிரிந்தது. குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டதாம்; கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள்.