தண்ணீரில் இறங்கும் முன்

அண்ணனும் தம்பியும் இருபது வருடமாகச் சேர்ந்து நடத்திய முடிதிருத்தும் கடை அது. தம்பி மூன்று வருடமாக ஞாயிறுதோறும் கிறிஸ்தவ சபைக்குப் போய்வந்தான். அண்ணன் தடுக்கவில்லை. “ஜெபம் பண்ணு, பாட்டுப் பாடு, யாரு வேணாம்னா? தண்ணியில மட்டும் இறங்கிடாதே. இறங்கினா நீ அவங்க ஆளு.”

சபையிலும் அதே பேச்சுதான். தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுக்காதவனுக்கு உறுப்பினர் பதிவேட்டில் பெயர் கிடையாது. ஆராதனையில் பகிரும் அப்பமும் திராட்சரசமும் அவனைத் தாண்டித்தான் போகும்.

நாள் குறித்ததைத் தம்பி வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அன்று காலை கடை திறந்ததும் அண்ணன் நாற்காலியைத் தட்டினான்.

“உட்காரு. நல்ல நாளும் அதுவுமா தாடியோடயா போவே?”

அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்று தம்பிக்குப் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தான். அண்ணன் நுரை பூசி, புது பிளேடு மாட்டி, கத்தியைத் தொண்டைக்குழியில் வைத்து நிறுத்தினான்.

“இப்பச் சொல்லு. இறங்கப் போறியா?”

கண்ணாடியில் தெரிந்த அண்ணன் கண் சிமிட்டவே இல்லை. தலையாட்டவும் வழியில்லை.

“போறேண்ணே” என்றான் தம்பி, உதடு அசையாமல்.

தெருவில் ஒரு லாரி கடந்து போகும்வரை கத்தி அங்கேயே இருந்தது. பிறகு மெல்ல மேலேறி, மிச்சத் தாடியைச் சுத்தமாக மழித்தது.

சபைத் தொட்டியில் மூழ்கி எழுந்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு, முதல்முறையாக அப்பம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தம்பி மதியம் கடைக்குத் திரும்பினான். இரண்டு நாற்காலிகளில் அவனுடையதைக் காணோம். தரையில் போல்ட் கழற்றிய நாலு ஓட்டைகள் இருந்தன.

அண்ணன் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தான். தம்பி பக்கம் திரும்பாமலே சொன்னான்:

“முடி வெட்டணும்னா வெளிய உட்காருங்க. கூப்பிடறேன்.”