மலை காணாமல்போன நாள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் எனக்கு அது முதல் பனிக்காலம். மோர்னிங்சைட்டில் இருந்தோம். பெப்ரவரி தொடக்கத்தில் மகளைப் பாலர் வகுப்பில் சேர்த்தோம். பின்னேரங்களில் பஸ்ஸில் போய் அவளைக் கூட்டிவருவது என் வேலை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஆங்கிலத் தெருப்பெயரை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும். அதனால் ஓர் அடையாளம் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கோப்பை விற்கும் யப்பான்காரக் கடை. அதன் கண்ணாடிக்குள் பெரிய படம்: கருநீல வானம், வெள்ளை மலை, அடிவாரத்தில் குடையோடு குனிந்து நடக்கும் ஓர் ஆள். மலை தெரிந்ததும் பஸ்ஸை நிறுத்தும் மணிக்கயிற்றை இழுப்பேன்.

மார்ச் பிறந்த அன்று மலை வரவேயில்லை. வெளியே பனி கொட்டியது. எல்லாத் தெருவும் ஒரே தெருவாகத் தெரிந்தது. பஸ் பிழையா, நான் பிழையா? பிள்ளையை வேறு யாராவது கூட்டிக்கொண்டு போய்விட்டால்? முன்னால் இருந்தவர் தமிழ்ப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அந்தப் பெரிய மலை தாண்டிப் போட்டுதோ?"

"மலையோ? தங்கச்சி, இது ரொறன்ரோ. மலைக்குக் கண்டி பஸ்ஸெல்லோ எடுக்கவேணும்!"

என் கண்ணீரைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டார். பதற்றத்தில் வாய்க்கு வரவில்லை. கோப்பைக் கடை என்றேன்.

"ஓ, அது எப்பவோ தாண்டிப் போட்டுது. வாங்கோ, இறங்குவம்."

தன் பயணத்தை விட்டு, எதிர்ப்பக்க பஸ்ஸில் என்னோடு திரும்பி வந்தார். கடை வாசலில் நின்றும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கொட்டும் பனியில் பக்கத்துப் பள்ளிக்கூடமும் தெரியவில்லை. கண்ணாடிக்குள் இளஞ்சிவப்புப் பூமரம் நின்றது.

"இது இல்லை அண்ணை, வேறை கடை."

உள்ளே போனோம். கடைக்கார அம்மாவுக்கு முன்னால் இரண்டு கையையும் கூம்பாகச் சேர்த்து மலை காட்டினேன். கும்பிடுகிறேன் என்று நினைத்து அவரும் குனிந்து வணங்கினார். பிறகு விரல்களை உதறிப் பனி பெய்து காட்டினேன். சட்டென்று விளங்கியது அவருக்கு. பின்னால் மடித்திருந்த தாளை முன்னால் விட்டார். என் மலை! அது கலண்டர். மாதம் பிறந்ததென்று புரட்டியிருக்கிறார்.

அந்த அண்ணைக்கு நன்றிகூடச் சொல்லாமல் ஓடினேன். ரீச்சருக்குப் பக்கத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்த மகள், "அம்மா, ஏன் மூச்சு வாங்குது?" என்றாள்.

வருடம் முடிந்ததும் கடைக்கார அம்மா அந்தத் தாளை எனக்கே தந்தார். மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த பழைய படத்தின் நகலாம். பனிக்கு மையே பூசுவதில்லையாம், வெறும் தாளை அப்படியே விட்டுவிடுவார்களாம். இன்று தெருப்பெயர்களை வாசித்துவிடுவேன். ஆனாலும் தெரிந்த இடம் திடீரென்று தெரியாததாகும்போதெல்லாம், அது தொலையவில்லை, யாரோ தாளைப் புரட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.