பிச்சைச் சம்பளம் விசாரிக்க வந்த ஐயா

வாப்பா மௌத்தானபோது வீட்டில் மிஞ்சியது உம்மாவும் நாங்கள் மூன்று பெண்பிள்ளைகளும் நாலு பாயும்தான். ஆனால் இலங்கையில், எங்கள் மாத்தளையில் அந்தக் காலத்தில் பட்டினி கிடப்பது அவ்வளவு சுலபமில்லை. கூப்பனுக்கு அரிசி கிடைத்தது. பள்ளிக்கூடம் இலவசம், ஆஸ்பத்திரியில் மருந்தும் இலவசம். ஆகவே எண்ணெய், சீனி, வீட்டு வாடகை விஷயத்தில் மட்டும்தான் நாங்கள் ஏழைகள்.

அதற்கும் அரசாங்கம் ஒரு வழி வைத்திருந்தது. கதியற்றவர்களுக்கு மாதாமாதம் ஓர் உதவிப் பணம். ஊரில் அதைப் பிச்சைச் சம்பளம் என்பார்கள். பக்கத்து வீட்டுச் சாச்சி ஆள் பிடித்து மனு எழுதுவித்தார். விசாரிக்க ஒரு ஐயா வருவார் என்று கடிதம் வந்தது.

வருகிறவர் அரசாங்க உத்தியோகத்தர். அவரைப் பாயிலா உட்கார வைப்பது? சாச்சி தெருவையே கிளப்பிவிட்டார். ஒரு வீட்டிலிருந்து மெத்தை வைத்த நாற்காலி வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து பூப்போட்ட கோப்பைகள். புருஷன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் இருக்கும் இத்தாவில் உம்மா இருந்தார், அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. அதற்காகக் கல்யாண வீட்டுப் பட்டுத் திரை ஒன்றும் வந்தது. சாச்சி தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து வட்டிலப்பம் அவித்தார்.

ஐயா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு வட்டிலப்பத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டார். "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றார் உம்மா, திரைக்குப் பின்னாலிருந்து. வேறொன்றும் சொல்லவில்லை. விருந்தாளி சாப்பிடும்போது சொந்தக் கஷ்டத்தைப் பேசுவது எங்களில் மரியாதையில்லை.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. வசதியான குடும்பம், உதவி தேவையில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். எங்களிடம் காசு இல்லாததால் இரவல் சாமானில் வைத்துக்கொண்டோம்.

இத்தா முடிந்ததும் மறுபடி மனு போட்டோம். வாடகை மூன்று மாதம் பாக்கி நின்றிருந்தது. இதுவும் தவறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். இந்த முறை ஐயா சொல்லாமல் வந்தார். வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

"போன தடவை இருந்த சாமானெல்லாம் எங்க ஒளிச்சு வச்சீங்க?"

அதற்குள் வாசலில் சாச்சி, நாற்காலி கொடுத்தவர், கோப்பை கொடுத்தவர் என்று தெருவே கூடிவிட்டது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒளிக்கலீங்க. அதெல்லாம் இரவல்."

"என்னத்துக்கு இரவல்?"

"நீங்க வாறீங்கன்னுதான்."

அவர் நம்பவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அவருக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட எங்களுக்குப் பயமாக இருந்தது.

"எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்க" என்றார் உம்மா. "நாங்க ஏழைங்க."

அந்தச் சொல்லை உம்மா வாயால் நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். வாசலில் நின்ற எல்லோரும் கேட்டார்கள். ஐயா எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதமே பணம் வந்தது. அவர் நேர்மையான மனிதர், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். அந்தப் பணத்தில்தான் நாங்கள் மூவரும் படித்து ஆளானோம். ஆனாலும் அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.