வீராசாமியின் ரப்பர் மரத்து ஆங்கிலம்

சிரம்பானிலிருந்து போன் வந்தது. "மாமா, அப்பா போயிட்டாரு" என்றாள் வீராசாமியின் மகள். "எங்கேம்மா?" என்று கேட்டேன். அவள் அழுத பிறகுதான் விளங்கியது. இன்றுவரை பாதிதான் விளங்கியிருக்கிறது.

இங்கே கூடியிருக்கும் நீங்கள் அறிந்தது கோர்ட்டில் மொழிபெயர்த்த வீராசாமியை. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, கட்டடம் அதிரும் குரல். நான் அறிந்தவன் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அடுத்த நிரையில் பால் மரம் சீவியவன். மலாயாக் காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை. பல்லிடுக்கில் ஒரு பருக்கை இருந்தாலும், "காட்டுக்குள்ள இருக்கிறவனுக்குச் சோறு கொண்டு போறியா?" என்று கேட்பார்கள்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் இருவரையும் சீனியர் பரீட்சைப் பேய் பிடித்தது. கேள்வித்தாள் சீமையிலிருந்து கப்பலில் வரும். தேறினால் கோர்ட்டு வேலைக்கு மனுப் போடலாம். தேறாவிட்டால் ஆயுளுக்கும் பால் வாளிதான். அதற்குப் படிக்க வேண்டிய ஆங்கிலச் சொற்களோ யானைக் கனம். இரண்டைச் சேர்த்துத் தலையில் ஏற்றினால் கழுத்து நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.

வீராசாமி ஒரு வழி கண்டான். மரத்துக்கு ஒரு சொல். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டுப் பட்டையில் ஆங்கிலத்தில் எழுதிவிடுவான். சொட்டுப் பாலுக்கும் அழும் கஞ்ச மரம் 'பார்சிமோனியஸ்'. துரை பங்களா பக்கம் வளைந்து கும்பிடு போடும் மரம் 'அப்சீக்வியஸ்'. கத்திக்கு இணங்காத பிடிவாத மரம் 'ஆப்ஸ்டினேட்'. சீவும்போதே சொல்லையும் பொருளையும் உரக்க ஓதுவான். "மண்டைய நம்பாதடா. மரம் எங்கயும் ஓடிப் போவாது" என்பான்.

மரம் ஓடவில்லை, போலீஸ் ஓடி வந்தது. பரீட்சைக்கு முந்தின நாள், ரோந்து வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் மரத்துக்கு மரம் எழுத்தைக் கண்டு, காட்டுக்குள் இருப்பவர்களுக்கு ரகசியச் செய்தி போகிறது என்று முடிவு கட்டினார். வீராசாமியைத் தோட்டத்து ஆபீசுக்கு இழுத்துப் போனார்கள். நானும் பின்னால் ஓடினேன்.

"படிக்கத்தான் எழுதினேன் தொரே" என்றான். இன்ஸ்பெக்டர் ஒரு சொல்லைச் சொல்லிப் பொருள் கேட்டார். வீராசாமி விழித்தான். இன்னொன்று கேட்டார். அதற்கும் விழித்தான். தினமும் என் காதைக் கிழித்த அதே சொற்கள்!

அங்கே கணக்கெழுதும் பெரிய கிராணி தலையில் அடித்துக்கொண்டார். "சொல்லித் தொலையேன்டா! இல்லாட்டி உன்ன கேம்புல அடைச்சிடுவான்லா!"

"மரம் இல்லாம வரமாட்டேங்குதுங்கையா."

கிராணி இதை எப்படி ஆங்கிலப்படுத்தினாரோ தெரியாது. துப்பாக்கிகளும் நாங்களும் பாதி லயமும் ஊர்வலமாக மர நிரைக்குப் போனோம். வீராசாமி கத்தியைக் கையில் எடுத்தான். கத்தி ஓட ஓட ஆங்கிலம் வெள்ளமாய் ஓடியது. தூரத்துக் கோலா பிலா மலைகளுக்கும் கேட்டிருக்கும். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். "எல்லாத்தையும் அழிச்சிட்டு, நாளைக்குப் பரீட்சைக்குப் போவச் சொல்றாரு" என்றார் கிராணி.

நான் குதித்தேன். வீராசாமியின் முகம் மட்டும் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"டேய், பரீட்சை ஹால்ல ஏதுடா மரம்?"



மறுநாள் சிரம்பானில் நான் முன்னால், அவன் எனக்கு நேர் பின்னால். தாளைப் பார்த்ததும் என் ஆங்கிலம் மொத்தமும் கப்பலேறிச் சீமைக்கே போய்விட்டது. முடிவு வந்தபோது அவன் தேறியிருந்தான். நான் தோற்ற அழகைப் பினாங்கிலும் பேசிக்கொண்டார்கள்.

"எப்படிடா எழுதின?" என்று கேட்டேன்.

"உன் முதுகப் பாத்துத்தான். மரம் கணக்கா அசையாம உக்காந்திருந்தியே! அந்த ஒரு மரத்துலயே எல்லாத்தையும் சீவிட்டேன்."

ஒரு வரியும் வராததால்தான் அசையாமல் இருந்தேன். அவன் சொன்னது பாராட்டா கிண்டலா? கேட்கும்போதெல்லாம் சிரித்தே மழுப்பினான். இனிக் கேட்கவும் ஆளில்லை.

அவனுடைய சொற்கள் அவனோடு போயின. எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த முதுகுதான். அன்று துக்க வீட்டில் அவன் கிடந்த பெட்டிக்கு முன்னால் எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் அதைத் திருப்பி, அவனுக்கு முதுகு காட்டி, மரம் கணக்காக அசையாமல் உட்கார்ந்தேன். "மரியாத தெரியாத கெழம்" என்று உங்களில் யாரோ முணுமுணுத்தீர்கள். யாராயிருந்தாலும் சரி, விஷயம் இதுதான்.