ரோட்டோரத்துப் பயறு வரிசையும் லில்லிபாய் மேடமும்

பயற்றுக் கொடியைக் கயிற்றில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். பெருங்கடவிளையிலிருந்து லில்லிபாய் மேடத்தின் தங்கை. "அக்கா போயிட்டா. நாளைக்கு உச்சிக்குப் பிறகு சபைக் கல்லறையில அடக்கம்" என்றார். சரி என்றேன். கையிலிருந்த கொடியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இந்த வயதில் சாவுச் செய்தி கேட்டால் அழுகை வருவதில்லை. அலுப்புதான் வருகிறது.

நம் காய்கறிச் சங்கத்தில் அவரை அறியாதவர் இல்லை. பழைய மருந்துக்குச் சாகாத புழுவுக்குப் புது மருந்து தேடுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவரை நல்லவர் என்றார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அவரோடு ஒரு வழக்கு உண்டு. அதைச் சொல்லாமல் நம் சங்க இதழில் எழுதினால் அவரே சிரிப்பார்.

முதன்முதலில் அவர் வந்தபோது மருந்து அடித்து முடித்திருந்தோம். ஆனாலும் காயைப் பிளந்தால் உள்ளே புழு சுகமாக இருந்தது. நசுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொல்லாதீங்க அக்கா. சாகாததுதான் எனக்கு வேணும்" என்றார். மூடிக்குப் பதில் துணி கட்டிய டப்பாக்களில் அள்ளிக்கொண்டு போனார். அதை வளர்த்து, அதன் குஞ்சுகளின் முதுகில் ஒவ்வொரு மருந்தாகத் துளி வைத்துப் பார்ப்பாராம். "பழைய மருந்து உடம்புக்குள்ள கேறுற வாசலை இது அடைச்சிட்டுது. வேற வாசல் தேடணும்" என்றார். இந்தப் பக்கத்திலேயே என் தோட்டத்துப் புழுதான் திடமானது என்று வேறு சொன்னார். எனக்கு அது பெருமையாக இல்லை.

பிறகு புது மருந்தோடு வந்தார். சில வரிசைக்குப் புதியது, சில வரிசைக்குப் பழையது, ஒரு வரிசைக்கு வெறும் தண்ணீர். எதற்கு எது என்று சீட்டுப் போட்டார். ரோட்டோரத்து வரிசைக்குத் தண்ணீர் விழுந்தது. சீட்டை எடுத்தது என் கைதான். எழுதிப் போட்டது அவர். புது மருந்து அடித்த இடத்தில் புழு செத்தது. ரோட்டோரத்தில் பூவும் காயும் அரித்துப் போயிற்று. காட்டாக்கடை பஸ்ஸில் போகிறவர்கள் அதை மட்டும்தான் பார்த்தார்கள். அடுத்த தோட்டத்துத் தங்கப்பன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன சரோஜக்கா, பயறு வெள்ளாமையை விட்டாச்சா? இப்ப புழுக் கிருஷியாக்கும்?" என்று கேட்டான். தங்கப்பா, நீ இதைப் படிப்பாய். நான் மறக்கவில்லை.

மேடத்திடம் சண்டைக்குப் போனேன். "புழு மருந்தில செத்துதா, மழையில செத்துதாண்ணு யாரு சொல்லுவா? வெறும் வெள்ளம் தெளிச்ச வரிசைதான் அக்கா சாட்சி" என்றார்.

"சாட்சி சொல்ல என் ரோட்டோரம்தானா கிடைச்சுது?" என்றேன். அடுத்த மழைக்காலம் வரை அவரோடு பேசவில்லை.

அந்த மருந்து கடைக்கு வந்தது. ஆசையாக அடித்தோம். தங்கப்பன் பாட்டிலில் சொன்ன அளவை இரட்டித்து அடித்தான். சில வருடம் புழுவே இல்லை. பிறகு ஒரு காயில் கண்டேன். பிறகு எல்லாக் காயிலும். மேடம் வந்து வரப்பில் உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது. பிளந்த காயை வெகுநேரம் பார்த்தார். "இந்த வாசலையும் அடைச்சிட்டுது அக்கா. இதைத் தேட எனக்குப் பாதி ஆயுசு போச்சு. புழுவுக்கு நாலு மழைக்காலம் போதும்." பாலில்லாமல் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன். கோபம் இருந்தது, ஆனாலும் கொடுத்தேன்.

அவரும் கூட்டாளிகளும் மறுபடி ஒரு மருந்து உண்டாக்கினார்கள். இப்போது நாம் அடிப்பது அதுதான். இந்த முறை கூடவே ஒரு வேண்டுகோளும் வந்தது. தோட்டத்துக்கு ஒரு வரிசை மருந்தில்லாமல் விடவேண்டும். எல்லா வரிசையிலும் அடித்தால் சாகாத புழு மட்டும் மிஞ்சி, பூச்சியாகி, தங்களுக்குள் சேர்ந்து பெருகும். மருந்துக்குச் சாகிற வகையும் ஓரிடத்தில் பிழைத்துக் கிடந்தால், சாகாதது அதோடு இணை சேரும். பிறக்கும் குஞ்சுகள் மருந்துக்குச் சாகும்.

"சத்துருவுக்குச் சோறு போடச் சொல்லுதியா மக்கா?" என்றேன்.

"கொஞ்சம் போடணும் அக்கா. இல்லேண்ணா முழுசையும் அது திங்கும்."

எல்லாரும் பார்க்கட்டும் என்று ரோட்டோரத்து வரிசையைத்தான் கேட்டார். அது மட்டும் நடக்காது என்று ஓடைக்கரையில் பின்பக்க வரிசையைக் கொடுத்தேன். அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். வேறு யாரும் விடவில்லை. நான் விட்டதையும் யாரும் நம்பவில்லை; கண்ணில் படாத இடம். கடைசியாக வந்தபோது மூச்சு வாங்க நின்றுகொண்டு, "இதும் போச்சுண்ணா அடுத்த வாசல் தேட எனக்கு நேரமில்ல அக்கா" என்றார்.

அடக்கத்துக்குப் போய்வந்தேன். நேற்று மகன் மருந்துப் பம்பைத் தோளில் மாட்டினான். ரோட்டோரத்து வரிசையைக் காட்டி, அதை விட்டுவிடு என்றேன். "பஸ்ஸில போறவங்க சிரிப்பாங்கம்மா" என்றான். சிரிக்கட்டும் என்றேன்.

நான் மேடத்தை மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்கவேண்டாம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிசைதான். இந்த மருந்துக்குப் புழு இன்னும் சாகிறது. தங்கப்பா, வேலிக்கு மேலே தலையை நீட்டி நன்றாகப் பார். பார்த்துவிட்டு, உன் தோட்டத்திலும் ஒரு வரிசையை விடு.