ரிவர்ஸ் அக்காவின் பின்னால்

செருப்புகளைக் காலால் ஓரம் தள்ளுகிறார். வழியில் கிடக்கும் நாற்காலியைத் தூக்கி வெளியே வைக்கிறார். தரையில் சுருண்டிருக்கும் கால்மிதியை எடுத்துக் கொடியில் போடுகிறார். எந்த டிவியைச் சரிசெய்யக் கூப்பிட்டார்களோ, அதை இன்னும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வீடு ஒழிக்கவா வந்தீங்க?" என்று புதிய ஆட்கள் கேட்டுவிடுவார்கள். ரிவர்ஸ் அக்காவுக்குக் கோபம் வராது. "பின்னாடி நடக்கறதுதாங்க என் வேலையே. முன்னாடி செய்யறது கொஞ்சம்தான்" என்பார். பெயரும் அப்படி வந்ததுதான்.

பின்பக்கம் புடைத்த பழைய டிவி, பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் இவற்றுக்குப் பக்கத்தில் பெரிய ஸ்பீக்கரை வைத்தால் படக்குழாயில் காந்தம் ஏறிவிடும். செய்தி வாசிப்பவரின் ஒரு கன்னம் பச்சையாகும். வானத்தின் மூலையில் கத்தரிப்பூ நிறம் படியும். அந்தக் கறையை எடுக்க அக்காவிடம் இருப்பது, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வளையம். செப்புக் கம்பியைத் தன் கையாலேயே சுற்றி, மேலே கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார். பொத்தானை அழுத்தினால் கொர்ரென்று முனகும். அதைத் திரைக்கு முன்னால் வட்டமாகச் சுழற்றி, சுழற்றியபடியே மெல்லப் பின்னால் நடக்க வேண்டும். நன்றாகத் தள்ளி வந்த பிறகுதான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கலாம். பக்கத்திலேயே எடுத்தால் பழைய கறையோடு புதுக் கறையும் சேர்ந்துகொள்ளும். அதற்காக அழுத்திக்கொண்டே இருக்கவும் முடியாது, கம்பி சூடேறிவிடும். "வாசல் தாண்டினா விட்டுடுவேன். ஒரு அடிகூட வீணா நடக்க மாட்டேன்" என்று பெருமையடித்துக்கொள்வார். நடப்பதில்தான் இந்தக் கஞ்சத்தனம், பேச ஆரம்பித்தால் கணக்கே கிடையாது.

கண் திரையை விட்டு அகலக் கூடாது என்பதால் பின்னால் வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் ஒரு வீட்டில் தண்ணீர் வாளிக்குள் உட்கார்ந்துவிட்டாராம். "வளையத்தை மட்டும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன்ல!" என்று அதையும் சாதனையாகவே சொல்கிறார். அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு ஒரு விதி உண்டு. "காந்தத்தைக் கொண்டாந்து வெச்சது யாரு? அவங்க என் பின்னாடி வாங்க." ஒரு வீட்டில் மாமனார் வருவார், ஒரு வீட்டில் புதுமாப்பிள்ளை வருவார். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "படி, படி, இந்தப் பக்கம்" என்று தானும் பின்னால் நடப்பார். எதற்கு இந்த விதி என்று கேட்டேன்.

"கெடுத்தவங்க கை சும்மா இருக்கக் கூடாதுங்க. சும்மா நின்னா திட்டு வாங்கிக்கிட்டேதான் நிப்பாங்க, பாவம்."

போன வாரம் அவரோடு ஓர் எம்பிராய்டரி கடைக்குப் போனேன். கடை தங்கையுடையது. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டதால் அண்ணன் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார். பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு, மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்தார். சீருடையில் தைக்க வேண்டிய பள்ளிச் சின்னத்தில் இருந்த சிவப்புப் பூ திரையில் ஊதாவாகத் தெரிந்தது. அதை நம்பி ஊதா நூலை மாட்டிவிட்டார். ஒரு கட்டுச் சீருடை பாழ். அதோடாவது விட்டாரா? காந்தத்தால் வந்தது காந்தத்தால் போகும் என்று எவனோ சொன்னானாம். ஸ்பீக்கரைப் பிரித்து, உள்ளே இருந்த காந்தத்தை எடுத்துக் கண்ணாடியைப் பரபரவென்று தேய்த்திருக்கிறார். மூலையில் இருந்தது திரை முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பழைய எம்பிராய்டரி இயந்திரத்துக்கு வேறு மானிட்டர் பொருந்தாது. மீதிச் சீருடைகளை மறுநாள் கொடுத்தாக வேண்டும்.

"நாளைலேருந்து கடைக்கு வர வேணாம்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார் தங்கை, ரிவர்ஸ் அக்காவிடம். அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். நரைத்த மீசைக்காரர், கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"அதை நீங்களே சொல்லிக்கோங்கம்மா. இப்ப அவர் எனக்கு வேணும்" என்று அக்கா வளையத்தைக் கையில் எடுத்தார். "சார், வாங்க என் பின்னாடி."

வளையம் முனகியது. திரையில் எல்லா நிறங்களும் ஒன்றோடொன்று கலந்து சுழன்றன. அண்ணன் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வழி சொல்ல மறந்து பின்னால் நகர்ந்தார். "வாயைத் தொறந்து சொல்லுங்க சார். நான் விழுந்தா உங்க மேலதான் விழுவேன்!" என்றார் அக்கா. "படி... படி இருக்கு" என்றார் அவர், யாருக்கோ பயந்தவர் போல.

வாசலைத் தாண்டியதும் அக்கா விரலை எடுத்தார். திரை தெளிந்திருந்தது. ஆனால் பூ இருந்த இடத்தில் மட்டும் ஊதா விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தது. அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது.

"பலமாத்தான் தேய்ச்சிருக்கீங்க" என்றார் அக்கா. "கம்பி ஆறட்டும். இன்னொரு வாட்டி பாப்போம். போகலேன்னா என்னைத் திட்டுங்க, இப்ப தலையை நிமித்துங்க."

கம்பி ஆறும்வரை தங்கை நூல்கண்டுகளை அடுக்கினார். அடுக்கியதையே கலைத்துத் திரும்ப அடுக்கினார்.

இரண்டாம் முறை கிளம்பினார்கள். கடை வாசல் நேராகத் தெருவில்தான் இறங்குகிறது. அண்ணன் அக்காவையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்ததில் தெருவில் கால் வைத்துவிட்டார். தங்கை கையில் இருந்த நூல்கண்டைப் போட்டுவிட்டு, பக்கவாட்டில் நுழைந்து ஓடிவந்து அவருக்குப் பின்னால் நின்றார். அவர் தோளை இறுகப் பிடித்தார்.

"அண்ணா, வண்டி வருது. இரு, இரு... ம், இப்ப வா."

அண்ணன் அதையே அக்காவிடம் சொன்னார், இந்த முறை தெருவுக்கே கேட்கும்படி. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பின்னால் நடந்தார்கள். சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்.

அக்கா வாசலைத் தாண்டியாயிற்று. உள்ளே, திரையில் சிவப்புப் பூ சிவப்பாகவே இருந்தது. அதை எனக்கு முன்பே அவர் பார்த்துவிட்டார். ஆனால் கட்டைவிரல் பொத்தானை விடவில்லை. தங்கையின் கை இன்னும் அண்ணனின் தோளில் இருந்தது. அக்கா வளையத்தைச் சுழற்றியபடி, பின்னால் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்.